அலுவிகாரைப் பாறையும் ஆகாயக் கம்பியும்

கண்டியிலிருந்து புறப்பட்டு, மாத்தளை நகரைத் தாண்டி, தம்புள்ளையை நோக்கி வடக்கே செல்லும் பெருவழியில் ஏறக்குறைய 3 கிலோமீற்றர் சென்றால், தென்னையும் கொக்கோவும் மிளகுக் கொடியும் அடர்ந்த தோட்டங்களுக்கு நடுவே, ஏதோ ஒரு யுகத்தில் மலையுச்சியிலிருந்து உருண்டு வந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றுவிட்டவை போன்ற பெரும் பாறைகள் கண்ணிற்படும். அந்தப் பாறைகளின் இடுக்குகளில் அமைந்த குகைகள்தாம் அலுவிகாரை. ஆலோகம், அதாவது ஒளி, என்னும் சொல்லே மருவி இப்பெயர் ஆயிற்று என்று கூறுவர். புத்தர் பெருமான் பரிநிர்வாணம் அடைந்த காலந்தொட்டுப் பல தலைமுறைகளாக ஆசிரியர் வாயிலிருந்து மாணாக்கர் செவிக்கும், அச்செவியிலிருந்து மறுபடி வாய்க்கும் வந்துகொண்டிருந்த திரிபிடகம், கி.மு. முதல் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் மன்னன் ஆட்சிக்காலத்தில், இந்தக் குகைகளிலேதான் முதன்முறையாக ஏட்டில் எழுதப்பெற்றது என்பது பௌத்த உலகம் முழுவதும் போற்றும் ஐதிகம்.

அந்த எழுத்து வேலை அமைதியான காலத்தில் ஓய்வாக நடைபெற்றதன்று. தென்னிந்தியப் படையெடுப்பும், அதனோடு சேர்ந்து வந்த கொடிய பஞ்சமும் நாட்டை வாட்டின, விகாரைகள் பாழாயின, பிட்சுக்களில் பலர் கடல் கடந்து போயினர். போகாமல் தங்கியவர்கள் காட்டுக் கிழங்கையும் இலையையும் உண்டு, நிற்கவும் வலிமையற்றுத் தரையிலே சாய்ந்தபடி, மனப்பாடமாயிருந்த சூத்திரங்கள் மறந்துபோகாதிருக்கும் பொருட்டு ஒருவருக்கொருவர் ஓதிக்கொண்டே கிடந்தனர் என்று பழைய உரைகள் சொல்லுகின்றன. இவ்வாறு சொல்லைச் சுமந்திருந்த உடல்கள் ஒவ்வொன்றாய் விழக் கண்ட பிறகே, உடலைக் காட்டிலும் நெடுங்காலம் நிற்கவல்ல ஒரு பொருளில் அச்சொல்லை ஏற்றிவைக்க வேண்டும் என்னும் எண்ணம் பிறந்தது.

இன்றும் அக்குகைகளைக் காணச் செல்வோருக்கு அந்தத் தொழிலைச் செய்து காட்டுகிறார்கள். பதப்படுத்திய தாளிப்பனை ஓலையை இடது கையிலே பிடித்து, எழுத்தாணியின் முனையால் கீறும்போது கண்ணுக்கு எதுவுமே தெரிவதில்லை, வெறும் ஓலைதான். பின்னர் கரியும் எண்ணெயும் கலந்த மையை ஓலை முழுவதும் பூசித் துடைத்தெடுத்தால், மேற்பரப்பிலுள்ள கருமை நீங்கிவிட, கீறலுக்குள்ளே புகுந்த கருமை மாத்திரம் நின்று, ஒரு நொடியில் எழுத்துக்கள் வரிவரியாய்த் தோன்றும். அங்கேயே இருந்தும் இதுவரை காணப்படாத ஒன்று வெளிப்படுகின்ற அந்தக் கணத்தை முதலில் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது வேறொரு பொருள்: என் மாமா வீட்டு வானொலிப் பெட்டி. வெறும் இரைச்சலாயிருந்த ஆகாயத்திலிருந்து, ஒரு குமிழை மயிரிழையளவு திருப்பிய மாத்திரத்தில், கடலுக்கு அப்பாலிருந்து பேசும் ஒரு தமிழ்க் குரல் இப்படித்தான் எங்களுக்கு வெளிப்பட்டது.

இந்தப் பெருவழிக்குத் தமிழர் சரித்திரத்தில் ஒரு துயரமான இடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து புறப்பட்ட கூலிக் கூட்டங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காய்ச்சலுக்கும் காட்டு விலங்கிற்கும் தாகத்திற்கும் தம்மில் பலரைப் பறிகொடுத்து, தம்புள்ளை வழியாக நடந்து மலைநாட்டிற்குள் நுழைந்த பாதை இதுவே. அவர்களுக்கு மலைநாட்டின் வாயிலாயிருந்த நகரம் மாத்தளை. அவர்களுட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஊரிலே விட்டு வந்த தாய் உயிரோடிருக்கிறாளா, தம்பிக்குக் கலியாணம் ஆயிற்றா என்பதை அறிய அவர்களுக்கிருந்த சாதனம், அடுத்த கூட்டத்தோடு வரும் ஒருவனுடைய வாய்ச்சொல் ஒன்றுதான். தூரம் என்பது என்ன என்பதை உடம்பால் அறிந்த ஒரு சமூகத்தின் வாசலுக்கு, இரண்டு மூன்று தலைமுறை கழித்துச் சிற்றலை வானொலி வந்து சேர்ந்தது. அது அங்கே என்ன செய்தது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அந்தக் கருவியின் பிறப்பையும் சுபாவத்தையும் சற்றே அறிந்துகொள்ளுதல் அவசியம்.

கம்பியில்லாத் தந்தியின் சரித்திரத்தில் மகத்தான முதல் வெற்றியே, கையிற் கிடைத்ததைக் கொண்டு கட்டிய ஆகாயக் கம்பியினால் கிடைத்ததுதான். 1901 டிசம்பர் 12ஆம் நாள், இங்கிலாந்தின் கோர்ன்வால் கரையிலிருந்து அனுப்பப்பட்ட குறியை அட்லாண்டிக் சமுத்திரத்தின் மறுகரையான நியூபவுண்ட்லாந்திலே செவிமடுக்க மார்க்கோனி காத்திருந்தபோது, பெருங்காற்றில் கம்பம் நாட்ட வழியில்லாமல், ஒரு பட்டத்தின் வாலிலே கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டார். அந்தப் பட்டத்துக் கம்பியின் வழியாகத்தான் குறி கேட்டதென்று அவர் அறிவித்தார். நேர்கோட்டிற் செல்லும் அலை, உருண்டையான பூமியின் முதுகைச் சுற்றி எவ்வாறு போயிற்று என்னும் வினாவிற்கு, உயர்ந்த ஆகாயத்தில் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு இருந்து அலையைத் திருப்பியனுப்புகிறது போலும் என்று கென்னலியும் ஹெவிசைடும் 1902இல் தனித்தனியே ஊகம் கூறினர். 1924இல் அப்பிள்டன் அதனைப் பரிசோதனையால் நிலைநாட்டி, பின்னர் 1947இல் நோபல் பரிசும் பெற்றார். அயனமண்டலம் என்று இன்று நாம் சொல்லுவது அதனையே.

100 மீற்றரிலிருந்து 10 மீற்றர் வரை நீளமுடைய அலைகள் சிற்றலை எனப்படும். ஆரம்பத்தில் அவற்றை ஒருவரும் மதிக்கவில்லை. நீண்ட அலைகளே நெடுந்தூரம் செல்லும் என்று நம்பிய காலத்தில், 1912இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம், 200 மீற்றரும் அதற்குக் குறைந்தவையுமான அலைகளைப் பொழுதுபோக்காகக் கருவி கட்டும் ஆர்வலருக்கு ஒதுக்கிற்று. பயனற்ற தரிசு நிலம் என்று கருதிக் கொடுக்கப்பட்ட அந்தப் பங்கிலேதான் புதையல் இருந்தது: 1923 நவம்பரில் ஆர்வலர்கள் ஏறக்குறைய 100 மீற்றர் அலையிலே, சொற்ப சக்தியோடு, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இருந்துகொண்டு ஒருவரோடொருவர் உரையாடினர். சூரிய கிரணத்தால் மின்னேற்றம் பெறும் அயனமண்டலம் பகலில் ஒருவிதமாயும் இரவில் ஒருவிதமாயும் நடந்துகொள்கிறது. பகலில் அலையை விழுங்கிவிடும் கீழடுக்கு அந்தியில் கலைந்துவிடுவதால், நீளம் கூடிய சிற்றலைகள் இரவிலே நெடுந்தூரம் ஓடுகின்றன. சூரியனிலுள்ள கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைய, அதற்கேற்ப ஆகாயமும் திறந்து மூடுகின்றது. ஆகவே சிற்றலையைக் கையாளுகிறவன் உழவனைப் போன்றவன். பொழுதையும் பருவத்தையும் பார்த்தே அவன் தன் வேலையைத் தொடங்கவேண்டும்.

நம் பிரதேசத்தில் இந்த வித்தை வெகு சீக்கிரத்திலேயே வேரூன்றிற்று. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924இல் அமைத்த சென்னை மாகாண வானொலிக் கழகம் அதே ஆண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. கொழும்பிலோ, தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923இலேயே, யுத்தத்தில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு ஒலிபரப்பி ஒன்றைத் தம்மவரைக்கொண்டு கட்டுவித்து, கிராமபோன் இசையை ஆகாயத்தில் அனுப்பினார். 1925 டிசம்பரில் முறையான சேவை ஆரம்பமாயிற்று. அழிவுக்கென்று செய்யப்பட்ட கப்பலின் எலும்பிலிருந்து ஆசியாவின் பழைமையான வானொலி நிலையங்களுள் ஒன்று பிறந்தது என்பதை இலங்கையர் எவரும் அபிமானத்தோடு நினைக்கலாம்.

இரண்டாவது உலக யுத்தம் இந்த வித்தையை மலைநாட்டின் மடிக்கே கொண்டுவந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியத் தலைமையகத்தை டில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவிற்கு மாற்றினார். அலுவிகாரையிலிருந்து 40 கிலோமீற்றருக்குள் அடங்கும் தூரம் அது. பர்மாவிலும் மலாயாவிலும் பகைவர் முதுகுக்குப் பின்னே இறக்கிவிடப்பட்ட ஒற்றர்களின் மோர்ஸ் குறிகளுக்காக இலங்கையிலே இரவு பகலாகக் காதுகள் காத்திருந்தன. அந்த ஒற்றர்கள் சுமந்து சென்ற கருவிகளுள் பிரசித்தமானது, ஒரு சாதாரணப் பிரயாணப் பெட்டிக்குள்ளே அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் மின்வழங்கியும் அடங்கிய, சுமார் 15 கிலோ எடையுள்ள சிற்றலைப் பெட்டி. அதனோடு ஒரு சுருள் கம்பியும் இருக்கும்; வானொலி அலை ஏறி இறங்க வேண்டிய ஏணி அந்தக் கம்பியே; அதனைக் காட்டு மரங்களிலே எப்படிக் கட்டுவது என்பது இயக்குவோனுடைய சாமர்த்தியம்.

அந்தச் சாமர்த்தியம் மாத்திரம் இருந்தாற் போதாது, கருவி கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும் என்பதற்கு மலாயாவில் இறங்கிய குழுவின் கதை சான்று. 1943 மே மாதத்தில் ஜோன் டேவிஸ் என்பவர் சில சீனத் தோழரோடு இலங்கையிலிருந்து நீர்மூழ்கியிற் சென்று மலாயாக் கரையில் இறங்கினார். பின்னர் லிம் போ செங் போன்ற தீரர்களும் அவரோடு சேர்ந்தனர். ஆயினும் பற்றரியும் மின்னூட்டியும் சேர்ந்து பெருஞ்சுமையாகிவிட்ட வானொலிக் கருவிகளைப் பகைவர் கண்ணிற் படாமல் மலைமீது ஏற்றுவது இயலாமற்போக, அவை மறைவிடத்திலேயே கிடந்தன. அங்கே காட்டிற்குள்ளே சொல்லவேண்டிய செய்தி இருந்தது. இங்கே இலங்கையிலே கேட்கக் காத்திருந்த செவி இருந்தது. நடுவிலே கம்பி மாத்திரம் இல்லை. லிம் போ செங் 1944இல் சிறைப்பட்டு உயிர்நீத்தார். 1945 பெப்ரவரியில்தான் அந்தக் காட்டிலிருந்து முதற்குறி இலங்கையை எட்டியது. ஏறத்தாழ இருபது மாத மௌனத்தின் காரணம், எடை என்னும் ஒரு சாமானிய விஷயம். எடுத்துச் செல்லத்தக்கதாய் இருத்தல் என்பது வானொலிக்கு ஓர் அலங்காரமன்று. சில வேளைகளில் அதுவே உயிர்.

அதே யுத்தகாலத்தில், 1942 ஆகஸ்டில், பம்பாயிலே உஷா மேத்தா என்னும் இருபத்திரண்டு வயதுப் பெண் தம் தோழர்களோடு சேர்ந்து காங்கிரஸ் வானொலியை 42.34 மீற்றர் அலையில் இரகசியமாய் நடத்தி, பொலிசார் மோப்பம் பிடிப்பதற்குள் வீடு மாற்றி வீடு மாற்றிக் கருவியைத் தூக்கிச் சென்று, நவம்பர் 12ஆம் நாள் பிடிபடும்வரை தேசத்தின் குரலைக் காப்பாற்றினார். காட்டிலும் நகரத்திலும் தத்துவம் ஒன்றுதான்: பெரிய நிலையத்தைப் பிடித்துவிடலாம், நடமாடும் சிறிய பெட்டியைப் பிடிப்பது கடினம்.

யுத்தம் முடிந்த சில ஆண்டுகளில், படைவீரருக்காக ஏக்கலையில் அமைக்கப்பட்ட 100 கிலோவாற்றுச் சிற்றலை ஒலிபரப்பி இலங்கைக்கு உரித்தாயிற்று. 1950இல் தொடங்கிய வர்த்தக சேவை அந்த வலிமையான குரலின் துணையோடு சமுத்திரங்களைத் தாண்டியது. 1952இல் மத்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலே திரையிசைக்கு இடத்தைக் குறைத்தபோது, பாட்டை விரும்பிய பாரத மக்கள் சிற்றலையிற் கொழும்பைத் தேடினர். தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளில் கொழும்பு அறிவிப்பாளர் மயில்வாகனனுடைய குரலும், பின்னாளில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் குரல்களும் வீட்டுக் குரல்களாயின. மறுபுறம், இலண்டனிலிருந்து 1941 மே மாதத்தில் தொடங்கிய பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பு இலங்கை இரவுகளின் நம்பிக்கையாயிற்று. அந்த ஒலிபரப்பிற்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த சோ. சிவபாதசுந்தரம். ஒலிபரப்புக் கலையைப் பற்றித் தமிழில் நூலெழுதிய அதே அறிஞர், புத்தர் பெருமானின் அடிச்சுவட்டைத் தேடிப் பிரயாணம் செய்து ஒரு நூலும் எழுதினார் என்பதை, அலுவிகாரையை முன்வைத்து எழுதும் இக்கட்டுரையில் நினையாமலிருக்க என்னால் இயலவில்லை.

இனி என் மாமா வீட்டுப் பெட்டிக்கு வருகிறேன். மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்துக் காம்பரா ஒன்றில் அவர் குடியிருந்தார். லயத்தின் கூரை தகரம். மழை பெய்தால் பேச்சுக் கேட்காது என்பது அதன் ஒரு குணம். வானொலி அலையை உள்ளே விடாது என்பது மற்றொன்று. ஆகவே கடையில் நன்றாய்ப் பாடிய டிரான்சிஸ்டர் பெட்டி, வீட்டிற்கு வந்ததும் பொரியும் எண்ணெய்ச் சட்டியைப் போல இரைந்தது. குறை பெட்டியிலன்று, கூரையிலே என்பதை மாமா ஒரே நாளில் கண்டுகொண்டார். அன்று மாலையே ஏரியல் கட்டும் வேலை ஆரம்பமாயிற்று. ஒரு சிறு கல்லிலே சணல் நூலைக் கட்டி, கோயில் ஓரத்துச் சவுக்கு மரத்தின் உயரமான கிளைக்கு மேலாக எறிந்து, நூலின் மறுமுனையில் செம்புக் கம்பியைப் பிணைத்து இழுத்தோம். கம்பி மரத்தைத் தொடாமலிருக்க, கடையில் விற்கும் பீங்கான் முட்டைக்குப் பதிலாக, உடைந்த போத்தலின் கழுத்தைக் கோத்தார். மற்ற முனை லயத்து வாசலிலிருந்த பலாவிற்கு வந்தது. நான் என் பலமெல்லாம் கூட்டிக் கம்பியை விறைப்பாக இழுத்ததைக் கண்டு அவர் கத்தினார்: “டேய், மரம் ஆடும்டா! இழுத்துக் கட்டினா ராத்திரிக் காத்துல அறுந்துபோகும். கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டு.”

பிறகு நிலத்தொடுப்பு. பீலித் தண்ணீர் சிந்தி எப்போதும் ஈரமாயிருக்கும் இடத்தில் ஓர் இரும்புக் குழாயை அறைந்து அதிலிருந்து ஒரு கம்பி. வெயில் காலத்தில் அந்தக் குழாயடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது என் கடமை. வாசற்கம்பியைப் பெட்டியின் நீட்டுக் குச்சியிலே நாலு சுற்றுச் சுற்றி, உடுப்புக் காயப்போடும் கவ்வியொன்றால் அழுத்தி வைத்தோம். சித்திரையிலும் ஐப்பசியிலும் மாத்தளை மலைகளில் பிற்பகல் தோறும் இடி முழங்கும். அந்த மாதங்களில், மேகம் கறுக்கும் முன்னரே கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றி நிலக்குழாயோடு பிணைத்துவிட வேண்டும் என்பது மாமா விதித்த கட்டளை. ஏரியல் ஏறிய முதல் இரவில் லயத்தில் பாதிப்பேர் எங்கள் வாசலில் இருந்தனர். இரைச்சல் அடங்கி, எங்கிருந்தோ ஒரு தமிழ்க் குரல், காற்றிலே ஆடும் விளக்கைப் போல ஏறியும் இறங்கியும், ஆனால் ஒரு சொல்லும் தவறாமல் வந்தது.

அந்தக் குரலுக்கு அவர்கள் அத்தனை ஏங்கியதன் காரணம் 1964 அக்டோபரிலே எழுதப்பட்டது. சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளி மக்கள் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. தமையன் ஒரு நாட்டுக்கும் தங்கை ஒரு நாட்டுக்கும் உரியவராயினர். தலைமன்னாருக்குப் போகும் புகைவண்டிக்கு வழியனுப்பச் சென்ற மாமா, திரும்பி வந்த இரவில் பேசாமல் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. நீலகிரியில் குடியேறிய எங்கள் உறவினர் கொழும்பு வானொலியைத் தேடினர். நாங்கள் திருச்சியைத் தேடினோம். அவர்கள் கேட்டது எங்களூர்ப் பாட்டை. நாங்கள் கேட்டது அவர்களூர்ச் செய்தியை. கடிதம் வந்து சேர வாரங்கள் ஆகும் காலத்தில், நாம் கேட்கின்ற இந்த ஆகாயத்தையே அவர்களும் கேட்கிறார்கள் என்னும் நினைவு ஒன்றே பெரிய ஆறுதலாயிருந்தது.

வடக்கிலே சிற்றலை இதனினும் கடுமையான பரீட்சைக்கு உட்பட்டது. 1990க்குப் பின்னர், உள்நாட்டுப் போரினால், பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையிலே பற்றரியும் தடுக்கப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிருந்தது. வலுவிழந்த பழைய பற்றரிகளை வெயிலிலே காயவைத்து அவற்றில் எஞ்சிய துளியையும் வாங்கியபின், மக்கள் சைக்கிளின் பக்கம் திரும்பினர். சைக்கிளை நிறுத்திவைத்தோ கவிழ்த்துவைத்தோ, சக்கரத்தில் உராயும் டைனமோவிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்து, அலைந்து வரும் மின்னோட்டத்தை ஒருபக்கமாக்கும் ஒரு சிறு டயோட்டின் வழியாக வானொலிக்குக் கொடுத்தனர். ஒருவர் மிதிக்க, வீடும் அயலும் சூழ்ந்திருந்து தமிழோசையையும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையும் கேட்டன. மிதிப்பவர் கால் ஓய்ந்தால் குரலும் ஓயும். மறுபடி கால் ஓடினால் குரலும் எழும். ஒரு செய்தியைக் கேட்பதற்கு உடலுழைப்பைக் கொடுத்த அந்தத் தலைமுறைக்குச் செய்தியின் விலை தெரியும். பஞ்சத்திலே தரையில் சாய்ந்தபடி ஓதிக் கிடந்த பிட்சுக்களை நான் நினைக்கும்போதெல்லாம், அந்தச் சைக்கிள் சக்கரத்தின் ஓசையும் கூடவே கேட்கிறது. இரண்டிலும் சொல்லைத் தாங்கி நின்றது பசித்த உடம்புதான்.

கேட்பது ஒன்று, பேசுவது மற்றொன்று. பேசுவதற்குப் பரீட்சை எழுதி, அரசின் உரிமமும் அழைப்புக் குறியும் பெறவேண்டும். இலங்கையில் அத்தகைய ஆர்வலரின் குறிகள் இப்போது 4எஸ்7 என்று தொடங்குகின்றன. மலைநாட்டிலே அவர்கள் கையாளும் ஓர் உபாயம் மிக அழகானது. பள்ளத்தாக்கிலிருந்து பேசுவோனுக்கு நாற்புறமும் மலை மறைப்பாதலால், நேர்கோட்டிற் செல்லும் குறுகிய அலைகள் அவனுக்குப் பயன்படா. மாத்தளைக்குக் கிழக்கே நக்கிள்ஸ் தொடர் சுவர்போல் நிற்கிறது. ஆனால் சிற்றலைக் கம்பியை உயரத்தில் கட்டாமல், வேண்டுமென்றே ஓராள் கையெட்டும் உயரத்தினின்று சற்றே மேலாகத் தாழ்த்திக் கட்டினால், அலை பக்கவாட்டிற் போகாமல் நேரே மேலே எழுந்து, ஏறக்குறைய 300 கிலோமீற்றர் உயரத்திலுள்ள அயனமண்டலத்தில் மோதி, குடைபோல விரிந்து, சுற்றிலும் பல நூறு கிலோமீற்றர் பரப்பின்மேல் மழையாய்ப் பொழிகிறது. மலை எவ்வளவு உயரமாயினும் மேலிருந்து விழும் மழைக்குத் தடையில்லை. பகலில் 7 மெகாஹேர்ட்ஸை ஒட்டியும் இரவில் அதற்குப் பாதியளவிலும் பேசினால், இலங்கை முழுவதையும் இந்தக் குடை மூடிவிடும்.

இந்த வித்தையின் பிரயோஜனம் 2004 டிசம்பர் 26ஆம் நாள் பிரத்தியட்சமாயிற்று. ஆழிப்பேரலை கரையோரத்தைத் துடைத்தபோது தொலைபேசித் தூண்கள் சாய்ந்தன. நின்றவற்றிலும் நெரிசலால் பேச்சு நுழையவில்லை. இலங்கை வானொலிச் சங்கத்து ஆர்வலர்கள் பற்றரியில் இயங்கும் சிற்றலைக் கருவிகளோடு தெற்கே அம்பாந்தோட்டைக்கு விரைந்து, கம்பியைக் கட்டி, கொழும்பிலிருந்த நிவாரண நிலையத்தோடு பேச்சுத் தொடர்பை ஏற்படுத்தினர். அதே நாளில் அந்தமானிலே, ஆர்வலர் முயற்சியொன்றிற்காக முன்னதாகவே போர்ட் பிளேயருக்கு வந்திருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார், அதிர்ச்சி உணர்ந்த வேளையிலும் தம் நிலையத்தில் இருந்தவர், அத்தீவுகளின் துயரை வெளியுலகிற்குச் சொல்லும் வாயானார். காணாமற்போனோரைத் தேடிய குடும்பங்களுக்கு அவருடைய கருவி வழியாகப் பதில்கள் போயின. விளையாட்டு என்று பலர் கருதிய பழக்கம் அன்று பல குடும்பங்களுக்கு ஆறுதலாயிற்று. ஆபத்து வந்த பிறகு கற்றுக்கொள்ள நேரமில்லை. அமைதிக் காலத்தில் அன்போடு பயின்றவர்களே அன்று பயன்பட்டார்கள்.

பயில்வோர் தொகை குறைந்துகொண்டு போகிறதே என்பதுதான் என் கவலை. 2017 ஏப்ரல் 30ஆம் நாள் தமிழோசை தன் வானொலி ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. கைபேசி வந்தபின் வீடுகளில் சிற்றலைப் பெட்டிக்குத் தூசியே துணை. இதிலே குறைகூற ஒன்றுமில்லை. நல்ல சாதனம் வந்தால் பழைய சாதனம் விலகுவது இயல்பு. ஆனால் கைபேசிக்குக் கோபுரமும் மின்சாரமும் பல நிறுவனங்களின் இடையறாத உழைப்பும் வேண்டும். சிற்றலைக்கு வேண்டியது இரண்டு மரமும் ஒரு கம்பியும் ஒரு பற்றரியும், இவை அனைத்தையும் சேர்க்கத் தெரிந்த ஒரு மனிதனும். மரமும் கம்பியும் எப்போதும் கிடைக்கும். தெரிந்த மனிதன்தான் அருகி வருகிறான்.

பழைய பௌத்த உரைநூலான அட்டகதையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பெரும்பயம் சூழ்ந்த காலமொன்றில் மகாநித்தேசம் என்னும் நூலை மனப்பாடமாய் அறிந்தவர் ஒரேயொரு பிட்சுவே எஞ்சியிருந்தார். அவரோ ஒழுக்கத்திற் குறையுடையவர் என்று பெயர் பெற்றவர். அவரிடம் சென்று பாடம் கேட்க மகாரக்கிதர் என்னும் தேரர் கூசினார். நூல் அழிந்துவிடலாகாது என்று மூத்தோர் வற்புறுத்த, அவர் கூச்சத்தை விட்டுச் சென்று, ஒரு வாயில் மாத்திரம் தங்கியிருந்த அந்நூலைக் கேட்டுக் கற்று உலகிற்குக் காத்தளித்தார். அலுவிகாரையின் எழுத்தாணிக்குப் பின்னே நின்ற அச்சம் இதுவே. ஓர் அறிவு ஒரே வாயில் மிஞ்சும்வரை காத்திருப்பது எவ்வளவு ஆபத்தானது என்று அந்த முனிவர்கள் கண்டுகொண்டார்கள்.

என் மாமா இப்போது இல்லை. சவுக்கு மரத்தையும் வெட்டிவிட்டார்கள். அவர் வாயிலிருந்தும், பின்னாளில் உரிமம் பெற்ற ஆர்வலர் நண்பரொருவர் வாயிலிருந்தும் கேட்டவற்றை, அலுவிகாரையின் முன்மாதிரியைத் தலைமேற்கொண்டு, இங்கே எழுதிவைக்கிறேன். 7 மெகாஹேர்ட்ஸில் பேசுவதற்குக் கம்பியின் மொத்த நீளம் ஏறக்குறைய 20 மீற்றர். நடுவில் வெட்டி, இரண்டு பாதிக்கும் இடையிலே மின் கடவாத பொருளொன்றைக் கட்டி, அங்கிருந்து கருவிக்கு வடம் இறக்கு. அலையெண் எதுவாயினும், 143ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் கம்பியின் நீளம் மீற்றரில் வரும். தூரதேசத்திற்கானால் உயரக் கட்டு. அயலூருக்கானால் தாழக் கட்டு. மின்சாரக் கம்பி செல்லும் பக்கம் போகாதே. முனைகள் மரத்தைத் தொடலாகாது. போத்தல் கழுத்துப் போதும். கேட்பதற்கு மாத்திரமானால் நீண்ட ஒற்றைக் கம்பியே போதும். நிலக்குழாயடியில் ஈரம் வற்றவிடாதே. மேகம் கறுக்குமுன் கம்பியைக் கழற்றி மண்ணோடு சேர். மரம் ஆடும், கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டு.